கண்ணாடியப் பாக்காத மாஸ்டரம்மா

தாராபுரம் பைபாஸ்ல சபீனா மாஸ்டரம்மாவோட ஷெட்டு இருக்குது. காருக்கு ஒயரிங் வேல. மாஸ்டரம்மாவுக்கு வயசு முப்பது. அவங்களுக்கு ஒரே ஒரு சிஷ்யரு. பேரு குழந்தசாமி. வயசு அம்பத்தொம்பது.

சிரிக்காதீங்க. மனுசன் டிரில் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. விசில் ஊதுனாருன்னா முந்நூறு பசங்க ஓடுவானுங்க. இங்க வந்து ஒரு கார் கண்ணாடிய ஓட வெக்க முடியல.

காரு ராக்கியப்பனோடது. பதினெட்டு வருசத்துப் பழசு. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி எறங்கல. குழந்தசாமி சுவிட்ச மாத்துனாரு. மத்தியான வெயில்ல கண்ணாடி ஜம்முனு எறங்குச்சு. மறுநாள் காத்தால மறுபடி மக்கர். இன்னொரு சுவிட்சு போட்டாரு. அதே கத.

மூணாவது காத்தால ராக்கியப்பன் ஷெட்டு வாசல்லயே ஆரம்பிச்சுட்டாரு.

"அம்மிணி, போலீஸு கைகாட்டுனா கதவத் தொறந்துதான் எறங்க வேண்டியிருக்குது. ஓடப் பாக்கறேன்னு அவரு என் சட்டையப் புடிக்கறாரு. இந்த வாத்தியாரு இங்க இருந்தா என் வண்டி இனி இந்தப் பக்கமே வராது, சொல்லிப்புட்டேன்."

குழந்தசாமிக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஸ்குரூ டிரைவர கீழ வெச்சாரு.

"மாஸ்டரம்மா, எட்டு மாசமாச்சுங்க. ஒரு இஞ்சுகூட நகுரல. இந்த வேலைக்கு நான் லாயக்கா, இல்ல வீட்டுல உக்காந்து பேப்பர் படிக்கட்டுங்களா? நீங்களே சொல்லிப்போடுங்க."

சபீனா டீய ஒரே மூச்சுல குடிச்சு கிளாஸக் கவுத்து வெச்சாங்க.

"சொல்றனுங்க சார். மொதல்ல வண்டில ஏறுங்க."

ஏறுனாரு.

"தலைக்கு மேல இருக்கற லைட்டப் போடுங்க."

போட்டாரு.

"இப்ப கண்ணாடி சுவிட்ச அமுக்குங்க."

அமுக்குனாரு. கிளாஸ்ல பேசற பையன மொறைக்கற மாதிரி கண்ணாடிய மொறச்சாரு.

"எறங்கலீங்க."

"அது எங்கயும் போகாது சார். லைட்டப் பாருங்க."

அண்ணாந்து பாத்தாரு. "மாஸ்டரம்மா! மங்குதுங்க!"

"கைய எடுங்க."

"பளிச்சுன்னு ஆயிருச்சுங்க!"

"மறுக்கா அமுக்குங்க."

"மறுக்கா மங்குதுங்க!"

"ஏனம்மிணி," ராக்கியப்பனுக்குப் பொறுக்கல. "கண்ணாடியச் செய்யச் சொன்னா ரெண்டு பேரும் சீரியல் லைட்டு போட்டு வெளையாடறீங்களா?"

சபீனா அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

"சுவிட்சு கெட்டிருந்தா லைட்டு மங்குமா சார்?"

குழந்தசாமி யோசிச்சாரு. "மங்காதுங்க. கரண்டே தாண்டாதே."

"கண்ணாடிய எறக்கற மோட்டாரு செத்திருந்தா?"

"அப்பவும் மங்காதுங்க..." அவரு சுவிட்ச இன்னொருக்கா அமுக்கிப் பாத்தாரு. "அது முக்குதுங்க மாஸ்டரம்மா! கரண்டெல்லாம் இழுத்துக்கிட்டு முக்குது. நகுர முடியல, அவ்ளோதான். யாரோ புடிச்சு வெச்சிருக்கறாங்க!"

மாஸ்டரம்மா கண்ணாடி ஓரத்து ரப்பர்ல கட்டவெரல ஓட்டுனாங்க. வெரல் பிசுபிசுன்னு கறுப்பா வந்துச்சு.

"ராக்கியப்பண்ணா, இதுல கறுப்புத் தாளு ஒட்டியிருந்தீங்களா?"

"போலீஸு கிழிக்கச் சொன்னாங்க. நானே கிழிச்சேன்." ஏதோ மெடலு வாங்குன மாதிரிதான் சொன்னாரு.

"தாளு போயிருச்சுங்கண்ணா. கோந்து இங்கயே குடியிருக்குது. வெயிலு ஏறுனா இளகுது, காத்தாலைல கெட்டியாப் புடிச்சுக்குது."

ராக்கியப்பன் தன் வெரலையும் அந்த ரப்பர்ல வெச்சுப் பாத்தாரு.

ஒரு துணி. கொஞ்சம் பெட்ரோலு. ரப்பர் பள்ளத்துல மேலயும் கீழயும் நாலு இழுப்பு. அப்புறம் அமுக்கச் சொன்னாங்க. சாப்பிட்டுத் தூங்குன மாமனாரு பாயில இருந்து எந்திரிக்கற மாதிரி ஒரு மொனகலு. அப்புறம் கண்ணாடி வழுக்கிக்கிட்டு எறங்குச்சு.

குழந்தசாமிக்குப் புல்லரிச்சுப்போச்சு. அவரு ரெண்டு தடவ கதவு அட்டையக் கழட்டி, கிளிப்ப ஒடச்சு, கைய வேற கிழிச்சுக்கிட்டாரு. இந்தப் பொண்ணு ஒரு ஸ்குரூவக்கூடத் தொடல. டிரில்லுல நின்னிருந்தா அப்பவே ஒரு சல்யூட்டு அடிச்சிருப்பாரு.

கெட்டுப்போச்சுன்னு குழந்தசாமி கழட்டி டப்பாவுல போட்டிருந்த பழைய சுவிட்சு ரெண்டையும் மாஸ்டரம்மா எடுத்தாங்க. ஒண்ண மாட்டி அமுக்குனாங்க. கண்ணாடி ஏறுச்சு. அடுத்தத மாட்டுனாங்க. எறங்குச்சு.

ராக்கியப்பன் கண்ணாடி வழியா கைய நீட்டிப் பாத்துக்கிட்டாரு. "அம்மிணி கெட்டிக்காரிதான். ஆனா வாத்தியாரப் பத்தி நான் சொன்னது சொன்னதுதான்."

குழந்தசாமி மெதுவா எறங்கி வந்தாரு. "அவரு சொல்றதும் நாயந்தானுங்களே. நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதிலு சொல்லலீங்க."

சபீனா அந்த ரெண்டு சுவிட்சையும் அவரு உள்ளங்கையில வெச்சாங்க.

"நல்லா இருக்கறத இந்த ஒரே கதவுக்காக ரெண்டு தடவ கழட்டியாச்சுங்க சார். மூணாவதா உங்களையும் என்னையக் கழட்டச் சொல்றீங்களா?"