முனகும் பலகை

“டீச்சர், இதைவிடப் பலமான பலகை இந்த லேப்ல எவனும் செஞ்சதில்ல. பெறகு ஏன் ஒடைஞ்சிட்டு?”

பேச்சிமுத்து கேட்டுவிட்டு, உடைந்த காலை மேசைமேல் வைத்தார்.

அது அவர் மனைவி பிரம்மசக்தியின் செயற்கைக் கால். லாரி ஒன்று அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கால் கனமாக இருக்கிறது என்றாள். பேச்சிமுத்து ஃபைபர் கதவு செய்கிறவர். கதவு செய்கிறவனுக்குக் கால் செய்யத் தெரியாதா என்று இறங்கிவிட்டார்.

பிரம்மசக்தி பூக்கட்டி விற்கிறவள். வீடு முழுக்க வாழைநார் கிடந்தது. கதவுக்குப் போடும் கண்ணாடி நாரைவிட எடை குறைவு, கையும் அரிக்காது. அதை ரெசின் என்ற பசையில் அடுக்கிப் பலகையாக்கும் வித்தையைப் படிக்கத்தான் பாலிடெக்னிக்குக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்.

அங்கே சொல்லிக்கொடுத்த குளோரி டீச்சர் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அதில் பேச்சிமுத்துவுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம். டீச்சர் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதும் வருத்தம் போய்விட்டது.

“எங்க வச்சு ஒடைஞ்சது, அண்ணாச்சி?”

“பஸ் ஸ்டாண்டுல. படி ஏறும்போது.”

“விழுந்துட்டாங்களா?”

பேச்சிமுத்து ஜன்னலைப் பார்த்தார்.

“அன்னைக்கு உக்காந்தவதான். எந்திரிக்கவே மாட்டேங்கா. கடைக்குப் போறதில்ல. புதுசா ஒண்ணு செஞ்சு குடுத்தேன், தொட்டுக்கூடப் பாக்கல. ‘நடந்துக்கிட்டுதான் இருந்தேன், அடுத்த நிமிசம் தரையில கெடக்கேன், ஒரு சின்னச் சத்தம் இல்ல’ங்கா. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுதா.”

டீச்சர் உடைந்த விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது.

“நாரை எப்படிக் கழுவுனீங்க?”

பேச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்குத்தான் அவர் காத்திருந்தார்.

“காஸ்டிக் சோடாவுல. நீங்க கொஞ்ச நேரம் போதும்னீங்க. நான் நல்லா ஊறப்போட்டேன். மேல உள்ள மெழுகெல்லாம் போயிட்டு. ரெசின் ஒவ்வொரு நாரையும் கப்புன்னு புடிச்சுக்கிட்டு. ஒத்த நார் பிரியட்டும் பாப்போம்!”

“பிரியக் கூடாதா?”

“என்ன டீச்சர் இப்படிக் கேக்கீங்க? எங்க பட்டறையில கதவு ஓரத்துல நார் துருத்திக்கிட்டு நின்னா, அன்னைக்குச் செஞ்சவன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்.”

டீச்சர் சிரித்தார். அலமாரியிலிருந்து சோதனைக்காக அறுத்த இரண்டு பலகைப் பட்டைகளை எடுத்தார். ஒன்று பேச்சிமுத்து செய்தது. இன்னொன்று டீச்சர் செய்தது. அதே வாழைநார், அதே ரெசின். ஆனால் நாரைச் சோடாவில் நனைத்ததும் எடுத்துவிட்டிருந்தார்.

பேச்சிமுத்துவின் பட்டையை வளைக்கும் இயந்திரத்தில் வைத்தார்.

“கண்ண மூடுங்க.”

“எதுக்கு, சாமி கும்பிடவா?”

“கும்பிட்டாலும் தப்பில்ல. மூடுங்க.”

மூடினார். இயந்திரம் ஓடியது. மோட்டார் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

டப்.

பேச்சிமுத்து திடுக்கிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“இப்ப நான் செஞ்சது.”

டீச்சரின் பட்டை இயந்திரத்தில் ஏறியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ ஒரு சின்னச் சத்தம், விரல் சொடுக்குவதைப்போல. இன்னொன்று. அப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல. இடையில் நிதானமாக ஓர் உராய்வு.

“என்ன டீச்சர் அது?”

“நார். ரெசினை விட்டு ஒவ்வொண்ணா உருவிக்கிட்டு வருது.”

சத்தம் கூடிக்கொண்டே போனது. முனகலாயிற்று. பேச்சிமுத்து கையை முன்னால் நீட்டினார், யாரையோ பிடிக்கப் போகிறவரைப்போல.

“நிறுத்துங்க! டீச்சர், நிறுத்துங்க, ஒடையப்போகுது!”

டீச்சர் இயந்திரத்தை நிறுத்தினார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி? கண்ணத்தான மூடியிருந்தீங்க?”

பேச்சிமுத்து கண்ணைத் திறந்தார். பட்டை வில்லாய் வளைந்திருந்தது. உடையவில்லை.

திரையில் இரண்டு பட்டைகளும் தாங்கிய உச்ச பாரத்தின் எண்கள் நின்றன. அவருடைய பட்டை தாங்கியதுதான் அதிகம். எப்போதும்போல அதைச் சுட்டிக்காட்ட வாயெடுத்தார். பிறகு திரையை விட்டு, வளைந்த பட்டையைப் பார்த்தார்.

டீச்சர் மறுபடி இயந்திரத்தை ஓடவிட்டுத் தன் பட்டையையும் உடைத்தார். இரண்டு துண்டுகளையும் நுண்ணோக்கியின் கீழே வைத்தார்.

முதலில் பேச்சிமுத்துவின் பட்டை. கத்தியால் வெட்டிய வெண்ணெய்க் கட்டிபோல் சமமாக இருந்தது. நார் எது, ரெசின் எது என்றே தெரியவில்லை. இரண்டும் ஒன்றாய் ஒட்டி, ஒன்றாய் அறுந்திருந்தன.

பிறகு அடுத்தது.

பேச்சிமுத்து குனிந்தார்.

உள்ளே ஒரு காடு நின்றது. ஆயிரமாயிரம் நார்கள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. நடுநடுவே கருப்பாகச் சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு நார் இருந்திருக்கிறது. பிடித்த பிடியைச் சட்டென்று விடாமல், உரசி உரசி, வந்த அடியைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு, கடைசியில்தான் வெளியே வந்திருக்கிறது. ஒன்று தளரும்போது பக்கத்தில் இருந்தது தாங்கியிருக்கிறது.

இது வீட்டில் தினமும் காலில் மிதிபடுகிற நார். பெருக்கித் தள்ளுகிற நார்.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு கையையும் கூப்பினார். டீச்சரையா, வாழையையா, அவருக்கே தெரியாது.

நிமிர்ந்து கேட்டார்.

“கால் மொனகுச்சுன்னா?”

“உடனே உக்காந்து கழட்டிரணும். வேற கால் செய்யணும்.”

“செஞ்சிரலாம்” என்றார் பேச்சிமுத்து.

சில நாள் கழித்து, வெயில் தாழும் நேரம். பிரம்மசக்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் சொன்னபடி செய்த புதுக் காலோடு வந்து நின்றவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“போன தடவையும் இப்படித்தான் வந்து நின்னீங்க. ஒடையவே ஒடையாதுன்னீங்க.”

“ஆமா, சொன்னேன்.”

“இது ஒடையாதாக்கும்?”

“ஒடையும்.”

பூக்கட்டும் கை நின்றது.

“என்னது?”

“ஒடையும், சக்தி. ஆனா ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தான் ஒடையும். மொதல்ல மொனகும். நீ உக்காருத வரைக்கும் தாங்கும்.”

அவள் அந்தக் காலை வாங்கி, காதோரம் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள்.

சத்தமில்லை.

மடியில் இருந்த பூவைக் கூடையில் போட்டாள்.

“மாட்டி விடுங்க” என்றாள்.