சேற்றுக்கு வந்த விருந்தாளிகள்

ஒரு காட்டுக்குள் கடல் வந்து வந்து போகும். வரும்போது மரங்களின் இடுப்புவரை தண்ணீர் நிற்கும். போனபின் கண்ணுக்கெட்டிய தூரம் கருஞ்சேறு கிடக்கும். அலையாத்திக் காடு என்று அதற்குப் பெயர்.

அங்கே ஒரு நீர்நாய் தன் குட்டிகளோடு இருந்தது. மழைமாதத்தில் கடல் கொந்தளித்தால் மீன் கிடைக்காது. குட்டிகள் பசியில் ஒன்றின் வாலை ஒன்று சப்பிக்கொண்டு கிடக்கும். அதைப் பார்த்த தாய்க்குத் தூக்கம் வருமா, சொல்லுங்கள் குழந்தைகளே?

ஆனாலும் அவை பிழைத்திருந்தன. விருந்தாளிகளால்தான்.

மழை ஓய்ந்ததும் பூநாரைகள் வந்து சேற்றில் இறங்கும். சேறே இளஞ்சிவப்பாய்ப் பூத்ததுபோல் இருக்கும். அந்த அழகைக் காண மலையிலிருந்து கரடி தேனோடு வரும். முள்ளம்பன்றி கிழங்கோடு வரும். மலையணில் பலாக்கொட்டை கொண்டுவரும். நீர்நாய் வழிகாட்டும். ஆமை சிறியவர்களை முதுகில் ஏற்றி ஓடையைக் கடத்திவிடும். நண்டுகள் கொடுக்கை ஆட்டி ஆட்டிக் கூத்துக் காட்டும். கிடைத்ததை எல்லோரும் பங்கிட்டு, அடுத்த மழைமாதத்துக்குப் பத்திரப்படுத்துவார்கள்.

அந்தக் காட்டு நரிக்குச் சேற்றைக் கண்டாலே ஆகாது.

"போன தடவை கரடி வழுக்கி விழுந்ததைப் பார்த்தீங்களா? மானம் போச்சு! தேடி வந்தவங்களைச் சகதியிலயா நிறுத்துறது? மணல்மேட்டுலருந்து வெள்ளை மணலை அள்ளிப்போட்டு மூடிடுவோம். அப்புறம் பாருங்க, எல்லா மலையும் இங்கதான் வந்து நிக்கும்!"

மற்றவர்களுக்கும் உள்ளுக்குள் அந்த வெட்கம் இருந்தது. "சரியாத்தான் சொல்றான்" என்றது ஆமை. கூழைக்கடாப் பறவை தன் அலகுப்பை நிறைய மணலைச் சுமந்து வந்து கொட்டியது.

"ஐயையோ, எங்க வளையெல்லாம் மூடிப்போகுதே!" என்று நண்டு கத்தியது.

"மணல்ல புதுசாத் தோண்டிக்கோ. பொலம்பாதே!" என்றது நரி.

நீர்நாய் பூநாரைகளை நினைத்துப் பார்த்தது. அவை நாள் முழுக்க இரை தேடி அலகைச் சேற்றுக்குள்தானே விட்டுக்கொண்டிருக்கும்? சேறு போனால் அவை எதற்கு வரும்? ஆனால் எதிர்த்துப் பேசினால் நரிக்குக் கோபம்தான் வரும், மணல் கொட்டுவது நிற்காது. அது நரியின் பக்கத்தில் போய் நின்றது.

"நரியண்ணே, என்ன வெள்ளை, என்ன வெள்ளை! எனக்கு ஒரே ஒரு கவலைதான்."

"என்ன கவலை?"

"எல்லா இடமும் வெள்ளையாயிட்டா, இது எப்பவும் இப்படித்தான்னு வர்றவங்க நினைச்சுக்குவாங்களே! நீங்க செஞ்ச வேலைன்னு யாருக்குத் தெரியும்? பக்கத்துல பாதிச் சேறு அப்படியே கிடந்தாத்தானே உங்க அருமை புரியும்?"

நரியின் வால் தானாக ஆடியது. "இந்தக் காட்டுல நீ ஒருத்திதாம்மா விவரம் தெரிஞ்சவ!"

மணல் பாதியோடு நின்றது.

மழை ஓய்ந்தது. பூநாரைகள் வந்தன. முதலில் வெள்ளை மணலில் இறங்கி அலகால் கிளறின. கிளறினால் மணல். இன்னும் கிளறினால் இன்னும் மணல். சட்டென்று கூட்டமாக எழுந்து பறந்தன.

நீர்நாய் ஓடி வந்தது. குட்டிகளை அணைத்தபடி அண்ணாந்து பார்த்தது. கூட்டம் காட்டின்மேல் வட்டமடித்தது. பிறகு மெல்லச் சாய்ந்து, மிச்சமிருந்த சேற்றில் இறங்கியது.

மலையிலிருந்து விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். நரி மணலில் சிப்பிகளை அடுக்கி வைத்துக் காத்திருந்தது.

"வாங்க, வாங்க! இப்படி உட்காருங்க. கால்ல ஒரு பொட்டு அழுக்கு ஒட்டாது!"

கரடி சுற்றுமுற்றும் பார்த்தது. "மணல் எங்க ஆத்தங்கரையிலயே கிடக்கே, தம்பி. பறவைங்க எங்கே?"

நீர்நாய் கையைக் காட்டியது. அவ்வளவுதான். எல்லோரும் சேற்றை நோக்கி ஓடினார்கள். முள்ளம்பன்றி வயிறுவரை புதைந்து நின்று வாயைப் பிளந்தது. நண்டுகள் கூத்தாடின. கரடி இந்தத் தடவையும் தொபுக்கென்று விழுந்தது. "இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்!" என்று விழுந்தபடியே சிரித்தது. தேனும் கிழங்கும் பலாக்கொட்டையும் அங்கேயே இறங்கின.

நரி தன் வெள்ளை மணலில் தனியாக உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு மெல்ல எழுந்து சேற்றின் ஓரத்துக்கு வந்தது.

"அம்மாடி, எனக்கும் அங்க கொஞ்சம் இடம் இருக்குமா?"

நீர்நாய் குட்டிகளின் வாயில் ஒட்டியிருந்த தேனைத் துடைத்துவிட்டுத் திரும்பியது.

"வாங்கண்ணே, தாராளமா வாங்க. ஆனா காலை நல்லாக் கழுவிட்டு வாங்க. மணலைக் கொண்டாந்து சேத்துல போட்டுடாதீங்க!"

நீதி: விருந்தாளி எதைத் தேடி வருகிறாரோ அதையே மூடிவிட்டு அவருக்கு வசதி செய்தால், அவர் வரவும் போகும், நம் பிழைப்பும் போகும்.