காரைவிடப் பெரிய இன்ஜின்

ஓணான்தாங்கல்காரர்களுக்கு மூளையே கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். அது அபாண்டம். மூளை இருக்கிறது. புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று புத்தம்புதிதாக வைத்திருக்கிறார்கள். அந்த ஊருக்குப் பெரிய மனிதர் தணிகாசலம். ஊரில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். முப்பது வருஷத்துப் பழைய வெள்ளைக் கார்.

அவர் மகள் குமுதவல்லிக்கு மலைக்கோயிலில் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா சபாபதி, உங்கள் கார் மலை ஏறாது, பெண்ணை அழைத்துவர நாங்கள் வேன் அனுப்புகிறோம் என்று நல்ல மனசோடுதான் சொன்னார். தணிகாசலத்துக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. என் மகள் என் காரில்தான் வருவாள், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று சபையில் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்தக் கார் ரயில்வே பாலம் ஏறுவதற்கே இரண்டு ஆள் தள்ள வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

டவுனில் மெக்கானிக் அந்தோணி காரைப் பார்த்தார். இந்த இன்ஜின் இழுக்காது, கொஞ்சம் பெரிய இன்ஜினாக வாங்கி வாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றார். தணிகாசலத்தின் மைத்துனர்கள் ஏகாம்பரமும் பூவராகனும் பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். கொஞ்சம் பெரியது நல்லதென்றால் ரொம்பப் பெரியது ரொம்ப நல்லது என்று கணக்குப் போட்டு, ஒரு லாரி இன்ஜினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மாடு இரண்டும் நுரை தள்ளிப் படுத்துவிட்டன.

அந்தோணி தலையில் கை வைத்துக்கொண்டார். "யோவ், இது காருக்குள்ள அடங்காதுய்யா."

ஏகாம்பரம் இன்ஜினைச் சுற்றி வந்தார். காரைச் சுற்றி வந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "காருக்குள்ள இன்ஜின் அடங்கலன்னா, இன்ஜினுக்குள்ள காரை வெச்சுப் பாக்கலாமே?"

அந்த யோசனையைக் கேட்டுத் தணிகாசலத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தோணிக்கு வேறு மாதிரி புல்லரித்தது. இவர்களைக் கடையை விட்டுக் கிளப்பினால் போதும் என்று பானெட்டை வெட்டி எறிந்து, இன்ஜினை எப்படியோ நிறுத்தி, நான்கு போல்ட்டைப் போட்டு முடுக்கினார். இன்ஜின் கண்ணாடிக்கு மேலே எழும்பி நின்றது. ஓட்டுகிறவருக்கு ரோடு தெரியாது. அதற்கென்ன, பூவராகன் கூரைமேல் உட்கார்ந்து வழி சொல்வதாக முடிவாயிற்று.

கிளம்பும்போது அந்தோணி ஒரு புத்தி சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு. "மலையில திணறுச்சுன்னா பாரத்தைக் குறைங்க. எது ரொம்பக் கனமோ அதை மொதல்ல இறக்குங்க."

கல்யாணத்தன்று கார் உறுமிக்கொண்டு மலையடிவாரத்தைத் தாண்டியது. சொந்தக்காரர்கள் பின்னால் நடந்து வந்தார்கள். மூன்றாவது வளைவில் கார் பெருமூச்சு விட்டு நின்றது. முகூர்த்தம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

தணிகாசலம் பாரத்தைக் குறைக்க உத்தரவிட்டார். சீர்வரிசைப் பாத்திரங்கள் இறங்கின. கிரைண்டர் இறங்கியது. சீட்டுகளைக் கழற்றினார்கள், கதவுகளைக் கழற்றினார்கள். பிரேக்கை மட்டும் யாருக்கும் கழற்றத் தெரியவில்லை. இந்தக் கதையில் ஒருவரும் சாகாமல் இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம்.

அடுத்து மணப்பெண். அவளை யார் தூக்கி எடை பார்ப்பது என்று கொஞ்ச நேரம் வழக்கு நடந்தது. பெண்ணைத் தூக்குகிற உரிமை தாய்மாமனுக்குத்தான் என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஏகாம்பரம் தூக்கிப் பார்த்துவிட்டு, நகையோடு சேர்த்தால் கனம்தான் என்று இறக்கிவிட்டார்.

"அப்பா, நான் நடந்தே போயிடுறேன். படிக்கட்டு பக்கத்துலதான் இருக்குது," என்றாள் குமுதவல்லி. குடும்பத்தில் அவள் ஒருத்தி எப்படியோ தப்பிப் பிறந்துவிட்டாள்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ நடந்து போனா அப்பா மானம் என்னம்மா ஆவறது? கார்லதான் போவணும்னு சபையில சொல்லியிருக்கேன். கார் மேல போயிச் சேர்ற வரைக்கும் நீ இங்கயே இரு."

இன்னும் எது கனம் என்று தேடினார்கள். பூவராகன்தான் கூரையிலிருந்து கண்டுபிடித்தார். மாட்டையே படுக்க வைத்த கனம் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. நான்கு போல்ட்டைக் கழற்றி, பதினைந்து பேர் சேர்ந்து இன்ஜினை இறக்கி ரோட்டோரம் வைத்தார்கள். குமுதவல்லி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு கார் ஏறிய அழகைப் பார்க்க வேண்டும். தணிகாசலம் தகர டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். சொந்தக்காரர்கள் சும்மா ஒரு கை வைத்தார்கள், அவ்வளவுதான். எட்டாவது வளைவும் தாண்டிக் கோயில் வாசலில் கார் போய் நின்றபோது அவர் பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தினார்.

சபாபதி ஓடி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "பொண்ணு எங்க சம்பந்தி? முகூர்த்தம் முடிய கால் மணி நேரம்தான் இருக்குது."

"காரு ஏறாதுன்னுதானே சொன்னீங்க? ஏறிடுச்சு பாருங்க," என்றார் தணிகாசலம்.

விஷயம் தெரிந்ததும் சபாபதிக்கு மயக்கம் வந்தது. மாப்பிள்ளை பரசுராமன், கீழே பெண்ணிடமே போய்த் தாலி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லாமல், மணையைத் தூக்கிக் காருக்குள் போட்டு உட்கார்ந்தார். மடியில் தாலித் தட்டு, பக்கத்தில் ஐயர். பூவராகன் டின்மேல் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். தள்ளலாம் என்று ஏகாம்பரம் கை வைப்பதற்குள் கார் தானாக நகர்ந்து, பிறகு பறந்தது.

தணிகாசலம் சந்தோஷம் தாங்காமல் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா சம்பந்தி? இன்ஜின் அஞ்சு வளைவுக்குக் கீழ கெடக்குது. அங்க இருந்துக்கிட்டே இந்த இழுவை இழுக்குதே."