கூட்டல் ஐந்தரை, கழித்தல் நான்கு

சிற்றம்பலம் கோபத்தோடு குடிலுக்குள் நுழைந்தார். வயது அறுபது, ஓய்வு பெற்ற கணினிப் பொறியாளர். அவருடைய குரு மங்கையர்க்கரசிக்கு முப்பத்தைந்துதான்.

“அம்மா, என் மக பொய் சொல்றா.”

வீட்டை விட்டு அவர் ஆசிரமத்துக்கு வந்த நாளிலிருந்து, டொரான்டோவில் இருக்கும் நித்யகலா அவரோடு பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை பேசலாம், நேரம் சொல்லுங்கள் என்று போன வாரம்தான் எழுதியிருந்தாள். மனுஷன் விடியுமுன்னே குளித்துவிட்டு, போனும் கையுமாகக் காத்திருந்தார். அழைப்பு வரவில்லை. ராத்திரி ஒரு செய்திதான் வந்தது: ‘கூப்பிட்டேன். எடுக்கலை. நீங்க மாறவே இல்லைப்பா.’

“நேரத்தை எப்படி எழுதினீங்க?”

“உலகமே ஒத்துக்கிட்ட முறைப்படி. வருஷம், மாசம், தேதி, பிறகு 07:00.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அவ்வளவுதான்.”

“யார் ஊர் ஏழு மணி?”

“ஐயையோ!” சிற்றம்பலம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “உலகப் பொது நேரத்துக்கு நாம எவ்வளவு முன்னால இருக்கோம்னு போடலையே. அவ ஊர் ஏழு மணிக்குக் கூப்பிட்டிருக்கா. நான் அப்போ போனை அணைச்சுட்டு சாயங்கால தியானத்துல இருந்தேன்.”

ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்த மனுஷன்! குரு சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதத்தை நீட்டினார்.

சிற்றம்பலம் எழுதினார்: 07:00+05:30. “நாம அஞ்சரை மணி முன்னால. இனிமே தப்பே வராது.”

“வராது. அதையே அவ ஊர்க் கணக்குல எழுதுங்க.”

எழுதினார்: முந்தின நாள் தேதி, 21:30-04:00. “ராத்திரி ஒன்பதரை. அவ ஊர் நாலு மணி பின்னால.”

“அப்போ அவ என்ன செய்துட்டு இருப்பா?”

“கைக்குழந்தையைத் தூங்கவைப்பா.” அந்தப் பேரனை அவர் இன்னும் பார்த்ததில்லை. பிறகு இரண்டையும் அடித்துவிட்டு, 07:00-04:00 என்று எழுதினார்.

“அன்னிக்கு சாயங்கால தியானத்துக்கு வரமாட்டேன் அம்மா.”

“நல்லது.”

“ஒரு சந்தேகம். இதையே 16:30+05:30-ன்னும் எழுதலாம். ரெண்டும் ஒரே நேரம்தான். எதை அனுப்பட்டும்?”

“ஒரே நேரம்தான் ஐயா. ஒண்ணு, உங்க வாசல்ல நின்னுக்கிட்டு அவளைக் கூப்பிடறது. இன்னொண்ணு, அவ வாசல்ல போய் நிக்கறது.”