தூக்கத்தைத் துரத்திய மந்தி

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு நாவல் மரம் இருந்தது. அதில் நெடுவாலி என்ற மந்தி குடியிருந்தது. மரத்தைச் சுற்றிப் புள்ளிமான்கள் மேயும். சிறுத்தை தலைகாட்டினால் நெடுவாலி கத்தும், மான்கள் ஓடிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் நெடுவாலிக்குத் தூக்கம் கெட்டது. முதலில் இடிச்சத்தம்தான் காரணம். இடி நின்றது, தூக்கம் திரும்பவில்லை. இழந்த தூக்கத்தைச் சேர்த்துப் பிடிக்கலாம் என்று பொழுது சாய்ந்ததுமே கிளையில் படுத்தது. விடியும்வரை புரண்டது.

ஒரு மதியம் காவல் வேளையிலேயே கண் அயர்ந்துவிட்டது. சிறுத்தை பாய்ந்தது. மான்கள் தப்பின. ஆனால் தலைவன் கொம்பனின் தொடை கிழிந்தது.

"பௌர்ணமி வரை மயில் காவல் பார்க்கட்டும். அதற்குள் நீ தேறாவிட்டால் மயிலே நிரந்தரம்!" என்றது கொம்பன்.

அன்றிரவு நெடுவாலி அழுவதை மரத்தடி வளையில் இருந்த முள்ளம்பன்றி கேட்டது.

"இரவின் நான்கு சாமத்தில் எத்தனை சாமம் தூங்குகிறாய்?"

"இரண்டு இருக்கும்."

"எத்தனை சாமம் படுத்திருக்கிறாய்?"

"நான்கும்!"

"மீதி இரண்டில் என்ன செய்கிறாய்?"

"தூக்கம் வரவில்லையே என்று கவலைப்படுகிறேன்."

"அதற்குப் படுக்கை எதற்கு? வேறு கிளையில் உட்கார்ந்து கவலைப்படு! நடுநிசிக்கு முன் படுக்காதே. படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடு. கண் சொக்கினால் திரும்பி வா. முதல் பறவை கூவியதும் எழுந்துகொள். பகலில் தூங்காதே."

"ஐயோ! தூக்கம் குறைந்தால் சிறுத்தை வரும், மான்கள் சாகும்!"

"இந்த மழைக்காலத்தில் சிறுத்தை எத்தனை முறை வந்தது?"

"மூன்று முறை."

"எத்தனை முறை தவறவிட்டாய்?"

"ஒரு முறை."

"மற்ற இரண்டும் தூங்காத கண்ணால் பார்த்ததுதானே?"

அன்றே நெடுவாலி வேறு கிளைக்குப் போய் நடுநிசிவரை உட்கார்ந்தது.

முதல் மூன்று நாள் படுமோசம். நெடுவாலி நாவல் பழம் என்று நினைத்து வண்டைத் தின்றது.

"உன் வைத்தியம் பலிக்கவில்லை! எந்நேரமும் தூக்கம் தூக்கமாக வருகிறது!" என்று கத்தியது.

"வேறென்ன கேட்டாய்?" என்றது முள்ளம்பன்றி.

ஏழாம் நாள் நெடுவாலி படுத்ததும் தூங்கியது. பறவை கூவும்வரை விழிக்கவில்லை. பிறகு நெடுவாலி படுக்கும் நேரத்தை முள்ளம்பன்றி கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தியது. பௌர்ணமியன்று மயில் காவலை ஒப்படைத்துவிட்டுப் போனது.

சில நாள் கழித்து, ஒரு காரணமும் இல்லாமல், நெடுவாலிக்கு ஓர் இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. அது எழுந்து வேறு கிளைக்குப் போனது. முள்ளம்பன்றி கிழங்கு தோண்டுவதை விடியும்வரை வேடிக்கை பார்த்தது.

மறுநாள் மதியம் பெரிதாகக் கொட்டாவி விட்டது. வாயை மூடும்போது, காற்றே இல்லாமல் புல் அசைவதைக் கண்டது.

"சிறுத்தை! சிறுத்தை!"

மான்கள் பறந்தன. சிறுத்தை புல்லிலிருந்து எழுந்து மேலே பார்த்தது.

"நேற்று நீ தூங்கவே இல்லை என்றார்களே!"

"ஆமாம், தூங்கவில்லை," என்றது நெடுவாலி.

அன்றும் வழக்கமான நேரத்துக்குத்தான் படுத்தது.

தூக்கத்தைத் துரத்துகிறவருக்கு அது எட்டாது; நேரத்துக்குப் படுத்து நேரத்துக்கு எழுந்து, வராத ஓர் இரவுக்கு அஞ்சாதிருப்பவரைத் தேடி அது தானே வரும்.