மாடு ஏன் முகம் பார்க்கிறது

அந்தக் காலத்தில், அதாவது மாடு கேட்டால் மனிதர் பதில் சொன்ன காலத்தில், கீழச்சந்தையில் கனகவல்லி என்றொருத்தி இட்லிக்கடை வைத்திருந்தாள். அப்போது பிளாஸ்டிக் பை ஏது என்று குறுக்கே கேட்காதீர்கள். எனக்கும் அந்தக் குழப்பம் உண்டு. ஆனால் இந்தக் கதையில் இருந்தது.

செவலை என்ற பசு தினமும் கன்றோடு கடை வாசலுக்கு வரும். மிச்சம் மீதியைக் கனகவல்லி அதற்கென்றே எடுத்து வைப்பாள். சந்தைக்குப் பை வந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். ஈ மொய்க்காமல் இருக்கட்டும் என்று மிச்சப் பொங்கலைப் பையில் போட்டு, இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டி, பசுவின் முன்னால் வைத்தாள். அவிழ்க்கப் பசுவுக்கு ஏது கை? நெய் வாசம் மூக்கைத் துளைத்தது. பையோடு விழுங்கிவிட்டது.

மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. செவலையின் மடி வற்றியது. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது.

"அக்கா, வயிறு கல்லாட்டம் நெறஞ்சிருக்கு. ஆனா பசிக்குது. ஒண்ணும் வெளங்கல" என்றது செவலை.

கனகவல்லிக்கும் விளங்கவில்லை. "நெறஞ்ச வயிறு எப்படிடி பசிக்கும்? சரி, இந்தா இன்னொண்ணு தின்னு" என்று இன்னொரு பையை வைத்தாள். பாவி, பாசத்தோடுதான் வைத்தாள்.

மறுநாள் செவலை எழுந்திருக்கவில்லை. மாட்டு வைத்தியர் விலாவைக் கீறிக் கையை விட்டார். பை வந்தது. இன்னொன்று வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"யாரு இதையெல்லாம் கொடுத்தது?" என்று கேட்டார் வைத்தியர்.

சந்தையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கனகவல்லி குனிந்து ஒரு பையை எடுத்தாள். முடிச்சு அவிழவே இல்லை. உள்ளே பொங்கல் அழுகிக் கிடந்தது.

"நாந்தான். சோறுதானேய்யா போட்டேன்?" என்று ஓவென்று அழுதாள்.

செவலை பிழைத்துக்கொண்டது. கொஞ்ச நாளில் கன்றுக்குப் பாலும் ஊறியது. "அக்கா, நீ போட்டது சோறா, வெஷமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டது. கனகவல்லிக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதன் பிறகு அது பேசவே இல்லை.

சந்தைக்காரர்கள் கூடி, இனி எந்தக் கடையிலும் பை கொடுப்பதில்லை, வருகிறவர்கள் துணிப்பையோ தூக்குவாளியோ கொண்டு வரட்டும் என்று கட்டுப்பாடு போட்டார்கள்.

அன்று முதல்தான், நாம் எதை நீட்டினாலும் மாடு சட்டென்று வாய் வைப்பதில்லை. தலையைத் தூக்கி ஒருமுறை நம் முகத்தைப் பார்க்கிறது. நாமும் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறோம்.