தாண்டவனின் பாய்

மடத்துப் பாடசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. இரவில் பாயை நனைத்த பிள்ளை, காலையில் அதைத் தலையில் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வர வேண்டும்.

எட்டு வயதுத் தாண்டவன் தினமும் சுற்றினான்.

"டேய், குளம் ரொம்பிடுச்சா? இறங்கிக் குளிக்கலாமாடா?" என்று மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மாசிலாமணித் தம்பிரான் குருவிடம் வந்தார்.

"அந்தப் பையனை அனுப்பிவிடலாம், சுவாமி."

"எங்கே?"

"மாமன் கொண்டுவந்து விட்டான். அவன் இப்போது எங்கே என்று தெரியவில்லை."

"என்ன குற்றம்?"

"அத்தனை பேர் சிரித்தும் திருந்தவில்லை. திமிர். பாடமும் ஏறவில்லை. ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் கவனம் எங்கோ போய்விடுகிறது."



அன்று மதியம் உண்ட களைப்பில் தம்பிரான் உறங்கிப்போனார். விழித்தபோது தலைமாட்டில் குரு உட்கார்ந்திருந்தார். தம்பிரான் பதறி எழுந்தார்.

"வெகுநேரமாகக் கூப்பிட்டேன்" என்றார் குரு.

"காதில் விழவில்லை, சுவாமி."

"திமிரா?"

"ஐயோ! தூக்கம்."

"அவனையும் உடம்பு கூப்பிடுகிறது. கேட்டு எழுப்ப வேண்டிய மூளை இன்னும் விளைந்து முடியவில்லை. பாடத்தில் நிற்க வேண்டியதும் அந்த மூளைதான்."

"எப்போது விளையும்?"

"உன் அவசரத்துக்கு விளையாது."

தம்பிரான் தலைகுனிந்தார். பையனை அனுப்பவில்லை. வழக்கத்தையும் நிறுத்தினார். விடிவதற்கு முன் யாருக்கும் தெரியாமல் தாமே பாயை அலசிப் போட்டார். மழைக்காலம் போனது. பனியும் போனது.

ஒரு நாள் காலையில் தடவிப் பார்த்தார். பாய் காய்ந்திருந்தது. மறுபடியும் தடவினார். ஈரமே இல்லை.

குருவிடம் ஓடினார். "சுவாமி, இன்று நனைக்கவில்லை!"

குரு எழுந்து வாசலுக்கு வந்தார். முற்றத்தைப் பார்த்தார். தம்பிரானும் பார்த்தார்.

தாண்டவன் காய்ந்த பாயைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை.

"தாண்டவா! பாய் காய்ந்திருக்கிறதப்பா. இறக்கு" என்று தம்பிரான் கூப்பிட்டார்.

பையன் நிற்கவில்லை. தரையைப் பார்த்தபடி நடந்தான்.

தம்பிரான் குருவிடம் திரும்பினார். "நான்தான் எப்போதோ நிறுத்திவிட்டேனே, சுவாமி. இன்னும் ஏன் சுமக்கிறான்?"

"பாடம் ஏறவில்லை என்றாயே" என்றார் குரு. "நீ சொல்லிக்கொடுத்த ஒன்று ஏறியிருக்கிறது."